பாமன்கடைப் பிள்ளைகளுக்கு: ரிவெட்டைக் கையால் பழகுங்கள்



பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் கிருலப்பனையிலும் இருந்து காலையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொற்றிக்கொண்டு இரத்மலானைப் பக்கம் விமானப் பராமரிப்பு வகுப்புகளுக்குப் போகிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் எடுத்துவிட்டு அடுத்தது என்ன என்று யோசித்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். உங்களில் பலர் என்னிடம் வந்து பேசுவதுண்டு. எந்த மொடியூலை முதலில் எழுதலாம், எந்த லைசன்ஸுக்கு வளைகுடாவில் மதிப்பு, வயது கடந்துவிட்டால் எடுப்பார்களா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விகள். இரண்டு தகடுகளை ஒரு ரிவெட்டால் சேர்த்துப் பார்த்திருக்கிறீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் அநேகர் இல்லை என்கிறீர்கள். பெருந்தொகை கட்டிப் படித்த இடத்தில் ஒரு நாள் செய்து காட்டினார்கள், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். அவளுடைய அந்தப் பதிலுக்காகவே இந்த மடல்.

விமானத் தகட்டு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். லைசன்ஸ் பரீட்சையின் மொடியூல் 7இல் ரிவெட்டிங் ஒரு சிறு பிரிவு. பல்தேர்வு வினாவுக்கு விடை தெரிந்தால் அதில் தேறிவிடலாம். ஆனால் ஹேங்கருக்குள் உங்களை யாரும் வினா கேட்கப்போவதில்லை. கையில் ரிவெட் கன்னைத் தருவார்கள். ஆகவே வேலை கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே, இங்கேயே, இரண்டு இரண்டு பேராக இந்த வேலையைப் பழகத் தொடங்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

விமானத்தை ஏன் வெல்டிங் செய்வதில்லை என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். விமானத்தின் தோலாகும் 2024 என்ற கலவையில் அலுமினியத்தோடு 4 வீதத்துக்குச் சற்று மேல் செம்பு இருக்கிறது. சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு சும்மா வைத்திருந்தால் அது தானாக இறுகும். 1906இல் ஜெர்மனியில் அல்பிரட் வில்ம் என்பவர் கண்டுபிடித்த சங்கதி இது. சோதித்த துண்டைச் சில நாள் கழித்து மறுபடி சோதித்தபோது அது முன்னைவிட வலுவாகியிருந்தது. டியூராலுமின் பிறந்தது அப்படித்தான். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த வலுவை வெல்டிங் சூடு அந்த இடத்தில் கெடுத்துவிடும். சூடு காட்டாமல் இரண்டு தகட்டைப் பிணைக்க ரிவெட்டே வழியாயிற்று. இன்று பசையும் கார்பன் இழையும் வந்துவிட்டன. ஆனாலும் நீங்கள் வேலைக்குப் போகும் ஹேங்கரில் நிற்கப்போகும் 737இலும் ஏ320இலும் உடற்பகுதித் தோல் ரிவெட்டால் பிணைத்த தகடுதான்.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே இந்த வரலாறு கிடக்கிறது. 1935 நவம்பர் 27இல் இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது. சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மொத், துணி போர்த்த சிறிய விமானம். அதற்குச் சரியாக 20 நாள் கழித்து, டிசம்பர் 17இல், அமெரிக்காவில் டிசி-3 முதன்முதலாகப் பறந்தது. முழுக்க முழுக்க ரிவெட் அடித்த உலோக உடல். அதே ஆண்டு செப்டெம்பரில் ஹவார்ட் ஹியூஸ், ரிவெட் மண்டைகள் தோலோடு சமமாக அமுங்கிய எச்-1 விமானத்தில் மணிக்கு 352 மைல் என்று தரை விமானங்களுக்கான உலக வேகச் சாதனை வைத்திருந்தார். துணி விமானத்தின் காலம் முடிந்து தகட்டு விமானத்தின் காலம் தொடங்கும் வேளையில் நமது ஓடுபாதை திறந்திருக்கிறது. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியதும் டிசி-3 வகை டகோட்டாவில்தான். ‘சீதா தேவி’ என்று அதற்குப் பெயர்.

இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள். போனவர்களும் இன்னொருமுறை போங்கள். படம் எடுப்பதை ஒரு மணிநேரம் தள்ளிவைத்துவிட்டு, அங்கே நிற்கும் டகோட்டாவின் தோலில் ரிவெட் வரிசைகளைப் பாருங்கள். வரிசை எங்கே நெருங்குகிறது, எங்கே இரட்டையாகிறது, தகட்டின் ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறது என்று கவனியுங்கள். வரிசையின் பின்னால் ஒரு சட்டம் ஓடுகிறது. நெருக்கமான இடத்தில் பாரம் கூடுதல். அந்தத் தோலை வாசிக்கப் பழகினால் உள்ளே இருக்கும் எலும்புக்கூடு கண்ணுக்குத் தெரியும். ஓரத்திலிருந்து ரிவெட் நடுவுக்குக் குறைந்தது விட்டத்தின் இரண்டு மடங்கு, ரிவெட்டுக்கும் ரிவெட்டுக்கும் குறைந்தது மூன்று மடங்கு என்று குறிப்பில் எழுதியிருப்பீர்கள். அங்கே நின்று பார்த்தால் அந்த இரண்டும் மூன்றும் மனதில் பதிந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம்.

ரிவெட் அடிப்பது என்றால் எல்லோருக்கும் கன் சத்தம்தான் நினைவுக்கு வரும். என் கணக்கில் அது வேலையின் கடைசிச் சிறு பங்கு. வேலை துளையில் இருக்கிறது. 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40ஆம் இலக்க பிட், 1/8 அங்குலத்துக்கு 30ஆம் இலக்க பிட். இரண்டும் ரிவெட்டைவிட மயிரிழை பெரிது. ட்ரில் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்கவேண்டும். கை சற்றுச் சாய்ந்தால் துளை முட்டை வடிவாகும், ரிவெட்டும் சாய்ந்தே இருக்கும். ஒவ்வொரு துளையாகப் போட்டுக்கொண்டே கிளீகோ என்ற தற்காலிகப் பிடியைச் செருகித் தகடுகளை இறுக்கிப் பிடியுங்கள். 3/32க்கு வெள்ளி நிறம், 1/8க்குச் செப்பு நிறம். இல்லாவிட்டால் கடைசித் துளைக்கு வரும்போது தகடு நகர்ந்திருக்கும்.

எல்லாத் துளையும் போட்டபிறகு தகடுகளைப் பிரிக்கவேண்டும். பிரித்து, ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் நிற்கும் பிசிறை இரண்டு பக்கமும் எடுக்கவேண்டும். அலுப்பூட்டும் வேலை. ஆளையே பார்க்காமல் அவருடைய கைத்திறனை அறிய எனக்கு இந்தப் பிசிறு போதும். பிசிறு நின்றால் தகடுகள் ஒன்றோடொன்று படியாது. இடையில் விழுந்த வெளிக்குள் ரிவெட் வீங்கிப் பரவும். விளிம்பில் விட்ட சின்னக் கீறல் ஒன்றிலிருந்துதான் பிற்காலத்து வெடிப்பு கிளம்புகிறது.

நம் ஊரில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளின் இரும்புக் கிராதிகள் எப்படித் துருவேறுகின்றன என்று தெரியும்தானே. 2024 கலவையும் உப்புக் காற்றுக்குத் தாங்காது. அதனால்தான் அதன் இரு முகத்திலும் தூய அலுமினியத்தை மெல்லிய படலமாக ஏற்றி அல்கிளாட் என்று விற்கிறார்கள். மேலே உள்ள தூய அலுமினியம் தான் அரிபட்டு உள்ளே இருப்பதைக் காக்கும். ஆகவே தகட்டில் எழுத்தாணியால் கோடு கீறக்கூடாது. பேனையால் குறியுங்கள். மேசையில் விழுந்த உலோகச் சிராய்களைத் துடைத்த பிறகே தகட்டைப் படுக்கவையுங்கள். துளை போட்ட இடங்களுக்குப் பிரைமர் பூசுங்கள். அரிசோனாப் பாலைவனத்தில் பூசாமல் தப்பலாம். இங்கே முடியாது.

அமுங்கிய மண்டை ரிவெட் வேண்டுமானால் அதற்கு இடம் செய்யவேண்டும். தடித்த தகடென்றால் கூம்பாகக் குடைந்து எடுக்கலாம். மெல்லிய தகட்டைக் குடையக்கூடாது, அச்சால் அழுத்திக் குழிக்கவேண்டும். குழித்த இரண்டு தகடுகள் கிண்ணத்துக்குள் கிண்ணம்போல ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். அந்தப் பிடி சாதாரணத் துளையைவிட வலுவானது. மெல்லிய தகட்டைக் குடைந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

இதெல்லாம் முடிந்தபிறகே அடிப்பது. ரிவெட்டின் நீளம், சேர்க்கும் தகடுகளின் மொத்தத் தடிப்போடு விட்டத்தில் ஒன்றரை மடங்கு. அடித்து முடிந்ததும் பின்பக்கத்தில் உருவாகும் மண்டை ஒன்றரை விட்டம் அகலமும் அரை விட்டம் உயரமும் இருக்கவேண்டும். 1/8 ரிவெட்டுக்கு 3/16 அங்குல அகலம், 1/16 அங்குல உயரம். அடி விழும்போது ரிவெட்டின் தண்டு வீங்கித் துளையை முழுக்க நிரப்புகிறது. அந்த நிரப்புதல்தான் ரிவெட்டின் உயிர். தயங்கித் தயங்கி நீண்டநேரம் மெல்ல அடித்தால் உலோகம் இறுகி, மண்டை வெடிக்கும். குறைந்த அடியில், உறுதியான கையோடு முடிக்கவேண்டும். ரிவெட் மண்டையின் நடுவில் சின்னக் குழி இருந்தால் அது 2117 கலவை, வாங்கியபடியே அடிக்கலாம். 2024 கலவையில் செய்த ரிவெட்டைச் சூடாக்கிக் குளிரவைத்து, மென்மையாக இருக்கும்போதே அடித்துவிடவேண்டும். உடனே அடிக்காவிட்டால் ஃப்ரீஸருக்குள் வைத்துக் காக்கவேண்டும். வில்ம் கண்ட இறுகல் அந்தச் சிறு ஆணிக்குள்ளும் நடப்பதால்தான் இந்தப் பாடு.

முன்பக்கத்தில் கன் பிடிப்பவருக்குப் பின்பக்கம் தெரியாது. அங்கே உருக்குக் கட்டையை, அதாவது பக்கிங் பாரை, ரிவெட்டின் வாலில் நேராக அழுத்திப் பிடித்திருக்கும் ஆளுக்குத்தான் மண்டை உருவாவது தெரியும். இரண்டு பேருக்கும் நடுவில் தகடு. காதில் அடைப்பான். பேசிப் பயனில்லை. ஆகவே பின்னால் நிற்பவர் கட்டையால் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் சரி, மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, கழற்று. பல ஹேங்கர்களில் இதுதான் வழக்கம். மூன்று தட்டுத் தட்டத் துணிவு வேண்டும். மூத்தவர் கன் பிடித்து, நேற்றுச் சேர்ந்த பிள்ளை கட்டை பிடித்தாலும், தீர்ப்பு அந்தப் பிள்ளையுடையது. தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. கன் பிடிக்கப் பெரிய பலம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கான பெண்கள் விமானம் கட்டினார்கள். வேண்டியது நிதானம். இறக்கைக்குள்ளே குறுகிய இடத்தில் நுழைய ஒல்லியான கை பெரிய வரம்.

கெட்ட ரிவெட்டைக் கழற்றுவது தனிக் கலை. அதே அளவு பிட்டால் மண்டையின் நடுவில், மண்டையின் ஆழம் மட்டும் துளைத்து, மண்டையை ஒடித்து, பின்பக்கம் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுக்கவேண்டும். அவசரப்பட்டால் துளை பெரிதாகிவிடும், அப்போது அடுத்த அளவு ரிவெட்டுக்குப் போகவேண்டிவரும். ஆகையால் கண்ணுக்கு அழகில்லாத ஒவ்வொன்றையும் பிடுங்கவேண்டாம். எது ஏற்றுக்கொள்ளக்கூடியது, எது கூடாது என்று அளவுகள் உண்டு. அளவுகோலை வைத்துப் பாருங்கள். சற்றே சாய்ந்த மண்டை, கழற்றிச் சிதைத்த துளையைவிட நல்லது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற அந்தத் தெளிவு நூறு நூறாக அடித்துக் கழற்றிய கைக்கே வரும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இரண்டு விமானங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹவாயும் நம்மைப்போல உப்புக்காற்றுத் தீவு. 1988 ஏப்ரல் 28இல் ஹிலோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் பறந்த அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்றின் முன்பகுதிக் கூரை 18 அடி நீளத்துக்கு நடுவானில் பிய்ந்துபோனது. தீவுக்குத் தீவு குறுகிய பறப்புகள், 89,680 தடவை ஏறி இறங்கிய உடல். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் பசை விட்டுப்போக, பாரம் முழுவதும் ரிவெட் மேல் விழுந்தது. அந்த மெல்லிய தகட்டில் ரிவெட் மண்டைக்காகக் குடைந்த குழி தகட்டின் முழு ஆழத்துக்கும் போயிருந்ததால் துளையின் விளிம்பு கத்திமுனையாக மெலிந்திருந்தது. வெடிப்புகள் அங்கேதான் தொடங்கின. விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி தோலில் வெடிப்பைக் கண்டிருந்தார், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். மற்ற எல்லோரையும் விமானிகள் இறக்கிவிட்டார்கள்.

மற்றது ஜப்பான் எயார்லைன்ஸ் 123. 1978இல் ஒசாகாவில் வால் ஓடுபாதையில் உரசிச் சேதமான 747 அது. பின்பக்க அழுத்தச் சுவரைத் திருத்தியபோது ஒரே துண்டாக வைக்கவேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்தார்கள். இரண்டு வரிசை ரிவெட் தாங்கவேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்கியது. ஏழு வருடம் தாங்கியது. 1985 ஓகஸ்ட் 12இல் சுவர் வெடித்து, 520 பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிழைத்தார்கள். அந்தத் தகட்டைப் பிடித்த கைகளுக்கும் வரைபடம் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு வரிசை ரிவெட் எதற்கு என்பதை உணர்ந்திருந்த ஒரு கண் அங்கே இருந்திருந்தால் என்று நான் இன்றும் நினைப்பதுண்டு.

‘நாங்கள் மாணவர்கள், எங்களால் என்ன கட்டமுடியும்’ என்று கேட்காதீர்கள். அமெரிக்காவில் பசடீனா ஜூனியர் கொலேஜில் மெக்ஸ் ஹார்லோ என்ற ஆசிரியர் தன் மாணவர்களுக்கு வகுப்பு வேலையாகவே ஒரு முழு உலோக விமானத்தைக் கொடுத்தார். பிள்ளைகள் கட்டிய அந்த விமானம் 1937இல் பறந்தது. அதன் வழிவந்த ஹார்லோ பிசி-5தான் 1941இல் பெங்களூரில், வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் முதன்முதலாகப் பொருத்திப் பறக்கவிடப்பட்ட விமானம். இன்று தேஜஸ் போர்விமானம் கட்டுகிற அதே நிறுவனம். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடி வீட்டின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டினார். 2016இல் அதைக் காட்சிக்கு வைத்தார், மறுவருடம் அது பதிவாயிற்று. நம் கொழும்பில் ரே விஜேவர்தன இருந்தார். இரு சக்கர உழவு இயந்திரம் ஒன்றை வடிவமைத்த பொறியாளர், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தவர், 2010இல் காலமானார். சிறு விமானங்களைத் தானே வடிவமைத்து, தன் கையாலேயே கட்டி, தானே ஓட்டியவர். பாடப்புத்தகத்தில் இருக்கவேண்டிய மனிதர் அவர். உங்களில் அநேகருக்கு அவர் பெயரே தெரியாதிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம்.

பறக்கும் விமானம் கட்டப் பெரும்பணம் வேண்டும், சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதியும் வேண்டும். அதைப்பற்றி இப்போது நினைக்கவேண்டாம். கிட் வாங்கி விமானம் கட்டும் உலகம் முழுவதிலும் ஆட்கள் வாலில்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் ஒரேகனின் வேன்ஸ் நிறுவனத்தின் கிட்களில் கட்டிய விமானங்கள் பதினோராயிரத்துக்கு மேல் பறந்திருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்களிலும் பெரும்பாலோருக்கு முதல் பாடம் வால்பகுதிதான். நமக்கு வாலில் வரும் ஒரு சுக்கான் போதும். அது சின்னது. ஆனாலும் தோல், சட்டம், நடுத்தண்டு, வளைந்த முன்விளிம்பு என்று இறக்கையில் வரும் எல்லாச் சிக்கலும் அதில் உண்டு.

கருவிகளுக்குப் பஞ்சிகாவத்தைக்குப் போவோம். பாவித்த கொம்ப்ரசர், ட்ரில், அரம் எல்லாம் அங்கே கிடைக்கும். ரிவெட் கன்னும் கிளீகோவும் குழித்தல் அச்சும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவேண்டியவை. ஒருவராக வாங்கினால் கை கடிக்கும், எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் தாங்கலாம். பழகுவதற்குப் பெயர்ப்பலகைக் கடைகளில் மிஞ்சும் அலுமினியத் துண்டுகள் போதும். ரிவெட்டை மட்டும் உண்மையான விமான ரிவெட்டாகவே வாங்குவோம். கை பழகவேண்டியது அந்த உலோகத்தின் இறுக்கத்துக்கு. பொப் ரிவெட்டை, அதாவது இழு ரிவெட்டை, எல்லோருக்கும் தெரியும், பஸ் பொடி கட்டும் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். இழு ரிவெட்டுக்கென்றே வடிவமைத்த நல்ல விமானங்களும் இருக்கின்றன. வரைபடம் நாம் அடிக்கும் திட ரிவெட்டைக் கேட்கும் இடத்தில் அதை வைக்கமுடியாது, அவ்வளவுதான்.

சத்தம் நம் பகுதியில் பெரிய பிரச்சினை. அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஞாயிற்றுக்கிழமை கன் இயக்கினால் அயலவர் பொறுக்கமாட்டார்கள், பொறுக்கவும் தேவையில்லை. தகட்டின் ஓரத்தில் வரும் ரிவெட்டுகளைக் கையால் நெரிக்கும் ஸ்குவீசரால் சத்தமில்லாமல் முடிக்கலாம், சுக்கானில் கணிசமானவை அப்படிப்பட்டவை. கன் வேலையை, ஹைலெவல் வீதிப் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு பாஸ் தன் இடத்தில் செய்யச் சம்மதித்திருக்கிறார். தகட்டைத் தட்டி நிமிர்த்துவதில் அவர் கையில் இருக்கும் நுணுக்கத்தை நீங்கள் எந்த வகுப்பிலும் பார்த்திருக்கமாட்டீர்கள். அவரிடம் பணிவாகக் கேட்டுப் படியுங்கள். ஜெர்மன் டெக் பயிற்சி நிலையத்தில் தகட்டு வேலை படித்தவர்கள் உங்கள் நண்பர்களில் இருந்தால் அவர்களையும் கூட்டிவாருங்கள். சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரும் வரட்டும். தட்டிச் சொல்வதற்கு ஒரே பாஷைதான்.

முதல் நாள் சுக்கானைத் தொடமாட்டோம். கையகலத் தகடுகள் இரண்டு, ஒரு வரிசையில் பத்துத் துளை, பத்து ரிவெட். அடித்தபிறகு அளப்போம், பத்தையும் கழற்றுவோம், அதே துளைகளில் மறுபடி அடிப்போம். கழற்றிய இடத்தில் துளை பெரிதாகாமல் வரும்வரைக்கும் அதே தகடுதான். ஆளுக்கொரு கொப்பி கொண்டுவாருங்கள். அன்று எந்த ரிவெட்டை எந்த நீளத்தில் அடித்தீர்கள், எது கெட்டது, ஏன் கெட்டது என்று அன்றன்றே எழுதி, சோடியாக வேலை செய்த இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும். நீண்ட முடி இருந்தால் கட்டிக்கொண்டு, காலுக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டு வாருங்கள். கண்ணாடியும் காதடைப்பானும் இல்லாதவருக்கு ட்ரில் தரமாட்டேன், என் சொந்தப் பேரப்பிள்ளையாக இருந்தாலும்.

அன்புடன்,
பாமன்கடையிலிருந்து
ஒரு பழைய தகட்டு வேலைக்காரன்